ஊசி கிடையாது என்று சொல்லி அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. கீழே கடைவாய்ப் பால் பல் சொத்தையாகி, ராத்திரியில் வலியால் அழுகிறாள். வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டுமாம். போன வருடம் ஒரு கிளினிக்கில் கை காலைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து பல் டாக்டர் என்றாலே நடுங்குகிறாள். இந்த முறை ஊசி கிடையாது என்று சொல்லி அழைத்துப் போகலாமா? வலிக்காமல் போட வழியே இல்லையா? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பொய் மட்டும் வேண்டாம் அம்மா. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஊசியைப் பார்த்துவிட்டால், டாக்டரை மட்டுமல்ல, உங்களையும் நம்ப மாட்டாள். அவளுக்கு இன்னும் பல வருடம் பல் டாக்டர் தேவைப்படுவார்.

வலியை நன்றாகவே குறைக்கலாம். ஊசி குத்துவதைவிட, மருந்து உள்ளே போவதுதான் பல நேரம் அதிகம் வலிக்கும். வேகமாக அழுத்தினால் மருந்து சதையைப் பிளந்துகொண்டு இறங்கும். ஒரு மில்லி மருந்தை இறக்க ஒரு நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தில் அமிலத்தன்மை இருப்பதால் எரிச்சலும் உண்டு. சோடியம் பைகார்பனேட் சேர்த்து அந்த எரிச்சலைக் குறைக்கிறார்கள். மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து போட்டாலும் வித்தியாசம் தெரியும். ஊசி போடும்போதே டாக்டர் கன்னத்தை இழுத்து மெல்ல ஆட்டுவார். தொடு உணர்வு வலி உணர்வை முந்திக்கொள்ளும் என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்தான் இதற்கு அடிப்படை. கம்ப்யூட்டர் கருவியும் இருக்கிறது. மருந்தைச் சீராக, நிதானமாக இறக்கும். இருந்தால் நல்லது. ஆனால் அதைத் தேடி அலைய வேண்டாம், பொறுமையான கை போதும்.

அடுத்தது மரத்துப்போகும் ஜெல். எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் இதில்தான். ஈறைப் பஞ்சால் துடைத்து, உலர்ந்த இடத்தில் கொஞ்சமாகத் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். கூட்டம் இருக்கும் கிளினிக்கில் தடவிய கையோடு ஊசி போடுகிறார்கள். அப்புறம் ஜெல் எதற்கு? "ஜெல் போட்டு எவ்வளவு நேரம் விடுவீர்கள் டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஜெல் மேல்தோலை மட்டும்தான் மரக்க வைக்கும். கீழ்த் தாடை நரம்புக்கு ஆழமாகப் போடும்போது முதல் குத்து தெரியாது, அவ்வளவுதான். சில பால் பற்களுக்கு ஆர்டிகெயின் என்ற மருந்தை ஈறோரமாகப் போட்டாலே போதும். நான்கு வயது தாண்டியவர்களுக்குக் கொடுக்கலாம். உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால், அவள் எடையைப் பார்த்துக்கொண்டு போங்கள். கடையில் நீங்களாக ஜெல் வாங்கித் தடவ வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம். சில ஜெல்களில் இருக்கும் பென்சோகெயின் என்ற மரப்பு மருந்து இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகவே ஆகாது.

அவளிடம் என்ன சொல்வது? "பல்லைத் தூங்க வைக்க டாக்டர் மருந்து கொடுப்பார். கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அப்புறம் மரத்துப் போயிடும்." ஊசியா என்று அவளே கேட்டால், "ஆமாம், சின்னதா" என்று சொல்லிவிடுங்கள். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லாதீர்கள். கட்டெறும்பிடம் கடி வாங்கிய பிள்ளைக்கு அது ஆறுதல் இல்லை. கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்துவார் என்று சொல்லலாம், ஆனால் முன்பே டாக்டரிடம் பேசி வைத்துவிட்டு. நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். "சாப்பிடலேன்னா ஊசி போடச் சொல்லுவேன்" என்ற மிரட்டல் இன்றோடு நிற்கட்டும். பாட்டி, சித்தி எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மட்டும் வரட்டும். ஆனால் ராத்திரி வலி வந்துவிட்டதால் வாரக்கணக்கில் தள்ளாதீர்கள். சீழ் பிடித்த இடத்தில் மரப்பு மருந்து சரியாகப் பிடிக்காது. தள்ளத் தள்ள ஊசியும் கூடும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்விடுங்கள். இவ்வளவு செய்தும் முடியவில்லை என்றால், மூக்கு வழியாகக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு இருக்கிறது. விழித்தபடியே இருப்பாள், பதற்றம் தணியும். குழந்தைகள் பல் மருத்துவரிடம் கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கெனத் தனித் துறையே உண்டு. மறுபடி பிடித்து அமுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் அவளைவிட்டு நகராதீர்கள். உதடு மரத்திருப்பதால் விளையாட்டாகக் கடிப்பாள், வலி தெரியாது. மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாகப் புண் தெரியும், சீழ் என்று நினைத்துப் பயந்துவிடுவீர்கள். பெரும்பாலும் அது தானாக ஆறிவிடும். மரப்பு தெளியும்வரை தண்ணீர் மட்டும் கொடுங்கள். சூடான எதுவும் வேண்டாம்.