டைரியில் இருப்பது எந்த ‘பி’? – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

தை பிறந்தால் எனக்கு லைசென்ஸ் கீ (சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கியதற்கு அடையாளமாக அடிக்க வேண்டிய எழுத்து வரிசை) பற்றிய கடிதங்கள்தான் அதிகம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் இடியிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் போன மெஷின்கள் அப்போதுதான் கும்பகோணத்தில் என் சர்வீஸ் கடைக்கு வந்து சேரும். மெஷினைச் சரிசெய்துவிடலாம். அதற்குப் பிறகு “கீ எங்கே?” என்று கேட்டால்தான் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் தேடுவார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

என் மகன் சென்னையில் விண்டோஸ் 10 சாஃப்ட்வேர் பெட்டி வாங்கி, அதன் கீயைப் போனில் சொன்னான். டைரியில் எழுதிக்கொண்டேன். கார்த்திகை மழையில் இடி விழுந்து மதர்போர்டு போய்விட்டது. புதியது போட்டுக் கீயை அடித்தால் தவறு என்கிறது. கீ அச்சிட்டிருந்த கார்டும் தொலைந்துவிட்டது. டைரிப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வலங்கைமான்

டீச்சர், உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. குறை அதில் இல்லை. காதில் விழுந்ததை நீங்கள் தமிழில் எழுதியிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். ‘பி’ என்று எழுதிவிட்டால் அது பாம்பேக்கு வரும் பி-யா, பேப்பருக்கு வரும் பி-யா? ‘டி’ என்றால் டெல்லிக்கு வருவதா, டைகருக்கு வருவதா? நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். எழுதிய அன்றைக்கு உங்களுக்கு நினைவிருந்திருக்கும். ஐந்து வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்?

ஆனால் இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். விண்டோஸ் கீ என்பது 25 எழுத்து, ஐந்தைந்தாக ஐந்து கொத்து. எல்லா எழுத்தும் அதில் வராது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்தும் கிடையாது. எல், எஸ், இசட் கிடையாது. எண்களில் பூஜ்யம், 1, 5 கிடையாது. விண்டோஸ் 7 வரை ‘என்’ கூட இல்லை, 8 முதல்தான் சேர்ந்தது. பூஜ்யத்தையும் ஓ-வையும், 5-ஐயும் எஸ்-ஐயும் பார்த்துக் குழம்ப இதில் வழியே இல்லை.

இப்போது உங்கள் பக்கத்தைப் பார்ப்போம். மூன்றாவது கொத்தில் ‘எஸ்’ இருக்கிறது. அது வரவே வராத எழுத்து. போனில் கேட்டதால் அது எஃப் ஆக இருக்கலாம், எக்ஸ் ஆக இருக்கலாம். இரண்டு இடத்தில் ‘பி’, ஓர் இடத்தில் ‘டி’. ஆக நான்கு இடம் சந்தேகம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு. மொத்தம் 16 வரிசை. ஒரு தாளில் 16-ஐயும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, ஆகாததைத் தாளில் கோடு போட்டு நீக்கிவிடுங்கள். அரை மணி நேர வேலை. ஒன்றும் சரிவரவில்லை என்றால், 8 என்று எழுதிய இடத்தில் மகன் கார்டிலிருந்த பாம்பே பி-யைப் பார்த்துவிட்டு எட்டு என்று சொன்னாரா, 6 என்ற இடத்தில் ஜி இருந்ததா என்று யோசியுங்கள். இந்த இரண்டு ஜோடிகளும் கீயில் வரக்கூடியவை, பொடி எழுத்தில் ஒன்றுபோலத் தெரிபவை.

அதற்கு முன் மகனிடம் ஒரு கேள்வி. பழைய மெஷினில் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டிருந்தாரா? ஆம் என்றால், அதே கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள பழுது நீக்கும் பகுதிக்குப் போய், ‘ஹார்டுவேர் மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பல சமயம் கீ கேட்காமலே முடிந்துவிடும்.

கீ கிடைத்ததும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஐந்தைந்தாக, நடுவில் சிறுகோடு போட்டு எழுதுங்கள். பிறகு வேறு ஒருவரிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, நீங்கள் கார்டையோ திரையையோ பார்த்துச் சரிபாருங்கள். எழுதியவரே சரிபார்த்தால் தப்பும் சரியாகத்தான் தெரியும். போனில் சொல்வதானால் பாம்பே, பேப்பர், டெல்லி, டைகர் என்று சொல் வைத்தே சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வருத்தப்படாதீர்கள். முழுக் கீயையும் தபாலில் அனுப்பிவிட்டீர்கள். நகலைக் கிழித்துவிட்டேன். இனி யாரிடம் கேட்பதானாலும் நடுவில் ஒரு கொத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

பழைய டிடிபி சென்டர் ஒன்றை வாங்கி நடத்துகிறேன். முந்தைய உரிமையாளர் எல்லா சாஃப்ட்வேர் கீயையும் ஒரு வேர்ட் ஃபைலில் வைத்திருக்கிறார். திறந்தால் தலைப்புகள் தமிழில் சரியாக இருக்கின்றன. கீ இருக்க வேண்டிய இடத்தில் பொருளில்லாத தமிழ் எழுத்துகள். வைரஸா?
– மயிலாடுதுறை வாசகர்

வைரஸ் இல்லை, பாமினி. அந்த எழுத்துருவில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. முன்னவர் எழுத்துருவை மாற்றாமல் அப்படியே கீயையும் அடித்துவிட்டார். ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில் எல்லாவற்றையும் தேர்வு செய்து ஏரியல் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். தலைப்புகள் ஆங்கிலக் கந்தல் ஆகும், கீ பளிச்சென்று வந்து நிற்கும். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கீ எதற்கென்று தெரிந்துவிடும்.

அதைக் கையால் திரும்ப அடிக்க வேண்டாம், காப்பி செய்து ஒட்டுங்கள். சில சாஃப்ட்வேர்களின் கீயில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. அப்புறம் எல்லாவற்றையும் நோட்பேடில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமியுங்கள், தலைப்புகளை, எழுத்துரு மாறினாலும் தமிழாகவே இருக்கும் யூனிகோடு முறையில். ஆபீஸ் கீயை எக்செல் ஃபைலில் வைத்திருந்த ஒருவர், ஆபீஸ் போன பிறகு அந்த ஃபைலைத் திறக்க முடியாமல் என்னிடம் வந்தார். இலவசமான லிப்ரே ஆபீஸ் போட்டுத் திறந்து கொடுத்தேன். நோட்பேடு என்றால் அந்தப் பாடே இல்லை.

எங்கள் அரைவை மில்லில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இருக்கிற கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யப் போகிறோம். என்ன எழுதி வைக்க வேண்டும்?
– கணக்கர், பாபநாசம்

சீரியல் நம்பர், லைசென்ஸ் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு இன்றைக்கு யாரிடம் இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். டேட்டா பேக்கப் எடுத்த பிறகு, டேலிக்குள்ளேயே லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு (அதாவது, அந்த மெஷினிலிருந்து திருப்பி ஒப்படைத்துவிட்டு) ஃபார்மட் அடியுங்கள்.

2014-ல் ஓர் உரக்கடை மெஷினை நான் சரண்டர் செய்யாமல் ஃபார்மட் அடித்துவிட்டேன். அவசரம், கேட்கத் தோன்றவில்லை. பதிவாகியிருந்த மின்னஞ்சல், எப்போதோ வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்ட பழைய கணக்கருடையது. அவரைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று. சம்பா நடவு நேரம், வாசலில் யூரியாவுக்கு வரிசை நிற்கிறது, அந்தக் கடைக்காரர் மூன்று நாளும் கார்பன் வைத்துக் கையால் பில் எழுதினார். என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து மெஷினைத் திறப்பதற்கு முன் “மின்னஞ்சல் யாருடையது?” என்றுதான் கேட்கிறேன். முதலாளியின் பெயரில் இருக்கட்டும்.

லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் கீ அழிந்துவருகிறது.
– திருவாரூர் வாசகி

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் என்றால் இன்றே படம் எடுங்கள். நேர் வெளிச்சம் வேண்டாம், டார்ச்சை ஸ்டிக்கருக்குப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்தால் அழிந்த எழுத்தின் தடமும் தெரியும். பிறகு மேலே செலோ டேப் ஒட்டுங்கள். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது போட்டே வந்த லேப்டாப் என்றால் கீ மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும், அதே பதிப்பை ஏற்றினால் தானாக எடுத்துக்கொள்ளும். பெட்டிகளில் வருகிற வெள்ளிப்பூச்சு ஸ்டிக்கரைக் காசால் சுரண்டாதீர்கள், எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். நகத்தால் மெதுவாக.

மூன்று கம்ப்யூட்டர், மூன்று ஆபீஸ் 2016 கார்டு. எது எதற்கென்று தெரியவில்லை.
– பள்ளி அலுவலக உதவியாளர், திருத்துறைப்பூண்டி

ஆபீஸ் 2013 முதல் முழுக் கீ மெஷினில் இருக்காது. கடைசி 5 எழுத்தை மட்டும் பார்க்க முடியும். அது போதும், கார்டின் கடைசிக் கொத்தோடு ஒப்பிட்டு, கார்டின் பின்புறம் எந்த மேசை என்று எழுதிவிடுங்கள்.

கஜா புயலில் ஓடு பறந்து, கம்ப்யூட்டரும் நனைந்தது, கீ எழுதிய நோட்டும் நனைந்தது. இந்த முறை எப்படி வைப்பது?
– வேதாரண்யம் வாசகர்

2018 நவம்பர் 16 விடியலில் உங்கள் ஊர்ப் பக்கம்தான் அது கரையேறியது. அதன் பிறகு வந்த மெஷின்களைத் திறந்தால் உள்ளே உப்பும் சேறும். அந்த வாரங்களில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், ஒரே கூரைக்குக் கீழ் எத்தனை நகல் வைத்தாலும் அது ஒரு நகல்தான். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில் அக்காவோ மாமாவோ இருக்கும் வீட்டில். பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், ஜெல் மை தண்ணீர் பட்டதும் ஓடிவிடும். பென்சில் இன்னும் நல்லது. டப்பா எதுவானாலும் சுவரோடு ஒட்டி, தரையில் வைக்காதீர்கள், செல்லரித்துவிடும்.

கடை பில்லில் அச்சாகி வந்த கீ என்றால் ஜெராக்ஸ் எடுத்தே ஆக வேண்டும். அந்த வழவழப்பான தாள் சூட்டில் கறுக்கும், வெளிச்சத்தில் வெளுக்கும், பிளாஸ்டிக் கவரில் போட்டாலும் மங்கும். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேஷன் கொடுத்தவர்கள் கறுப்பு அட்டையோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும்போது அந்த நோட்டையும் எடுத்து வைத்துப் புரட்டிப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை போதும்.

தம்பியின் லேப்டாப் திடீரென்று நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கிறது. நாங்கள் எதுவும் பூட்டவில்லையே?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இன்றைய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. லேப்டாப்பை முதலில் இயக்கியபோது யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தீர்களோ, அந்தக் கணக்கில் போனிலிருந்து நுழைந்து பாருங்கள், கருவியின் பெயரோடு கீ இருக்கும். அப்பா பெயரிலா, வாங்கிக் கொடுத்த மாமா பெயரிலா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் படம், பாடம் எதையும் என்னாலும் மீட்க முடியாது. கிடைத்ததும் ஆறாறாக எட்டுக் கொத்தாகத் தாளில் எழுதிவிடுங்கள். அந்தத் தாளை லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள், பை போனால் பூட்டும் சாவியும் ஒன்றாகப் போய்விடும்.