நிலமும் கட்டடமும் நகர்வதைச் செயற்கைக்கோள் ரேடார் எப்படி அளக்கிறது?

ஒரே இடத்தைச் செயற்கைக்கோள் ரேடார் வெவ்வேறு நாட்களில் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டு, நிலமோ கட்டடமோ எவ்வளவு நகர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஏறத்தாழ 693 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ.; ரேடார் பார்க்கும் திசையில் தரை 2.8 செ.மீ. விலகினாலே, போய்த் திரும்பும் தூரம் ஓர் அலை மாறிவிடும் என்பதால், அலை எந்தக் கட்டத்தில் திரும்பியது என்பதைக் கொண்டு மில்லிமீட்டர் நகர்வையும் அறியலாம். சைக்கிள் சக்கரத்தில் வால்வு நிற்கும் இடத்தைப் பார்த்து, அது கால் சுற்று உருண்டதா, அரைச் சுற்றா என்று சொல்வதைப் போன்றது இது. முழுச் சுற்றுகள் எத்தனை என்பதை வால்வு சொல்லாது. அதைக் கணிப்பதும், காற்றின் ஈரப்பதம் அலையைத் தாமதப்படுத்துவதைக் கழிப்பதுமே ஆய்வாளரின் பெரும்பாடு.

திருப்பூரின் பனியன் கம்பெனிக் கட்டடங்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிரொலிக்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலோ ஆடும் ஓலைகள் கணக்கைக் குழப்பிவிடும். 2025இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ரேடார் செயற்கைக்கோளான நைசாரின் 24 செ.மீ. அலை, ஓலைகளை ஊடுருவக்கூடியது என்பதால் அங்கே ஓரளவு கைகொடுக்கும்.

ரேடார் நிலத்தடியையே பார்த்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது அளப்பது மேற்பரப்பின் நகர்வை மட்டுமே. அந்த நகர்வுக்குக் காரணம் ஆழ்குழாய்க் கிணறா, அஸ்திவாரமா என்பதை நேரில் ஆராய்ந்துதான் சொல்ல முடியும்.