பயனர் சுட்டியை அப்படியே கார்டுக்குத் தர டிரைவரின் இடைமுகம் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: படச் செயலாக்கத்துக்கான ஒரு எஃப்பிஜிஏ (உள்சுற்றுகளை மாற்றியமைக்கக்கூடிய சிப்) பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிவருகிறேன். இப்போது ஒவ்வொரு பஃபரையும் ஐஓசிடிஎல் (டிரைவருக்குக் கட்டளை தரும் கர்னல் அழைப்பு) வழியாகப் பதிவுசெய்து, அதன் பக்கங்களை நினைவகத்தில் பூட்டிவைத்து, டிஎம்ஏ முகவரியாக (நினைவகத்தை நேரடியாக அணுகக் கார்டு பயன்படுத்தும் முகவரி) மாற்றிக் கார்டுக்குத் தருகிறோம். இந்த இடைப்பட்ட வேலையை நீக்கி, நிரலிடம் உள்ள சுட்டியையே கார்டும் பயன்படுத்தும்படி செய்ய விரும்புகிறோம். நிரலின் முகவரி வெளியைக் கார்டுக்கு அடையாளம் காட்டும் பேசிட் எண்ணைப் பயனர் நிரலிடம் கொடுத்துவிடலாமா? நிரல் ஃபோர்க் செய்தாலோ (தன் நகலாக ஒரு பிள்ளைப் புராசஸை உருவாக்கினாலோ) திடீரென மடிந்தாலோ என்ன ஆகும்?

பதில்: இடைமுகத்தை வரைவதற்கு முன் கார்டின் தகுதியைப் பாருங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில் பேசிட், ஏடிஎஸ், பிஆர்ஐ ஆகிய மூன்றும் தென்பட வேண்டும். பேசிட் என்பது 20 பிட் எண். கார்டு அனுப்பும் ஒவ்வொரு நினைவகக் கோரிக்கையும் எந்த முகவரி வெளியைச் சேர்ந்தது என்பதை, சாதனங்களின் முகவரிகளை மாற்றித்தரும் வன்பொருளான ஐஓஎம்எம்யூ அதைக் கொண்டுதான் அறிகிறது. ஏடிஎஸ் வழியாகக் கார்டு முகவரி மாற்றத்தை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்கிறது. பக்கம் நினைவகத்தில் இல்லாதபோது, அதைக் கொண்டுவரும்படி கர்னலிடம் கேட்பதற்கு பிஆர்ஐ வேண்டும். பிஆர்ஐ இல்லாத பிசிஐ கார்டில் பக்கங்களைப் பூட்டும் பழைய வழியே பொருந்தும். அதை விட்டுவிட்டு வருந்துவதைவிட வைத்துக்கொள்வது நல்லது.

பேசிட் எண்ணைப் பயனர் நிரலிடம் தர வேண்டாம். எண் வெளியே தெரிவது அவ்வளவு பெரிய ஆபத்தன்று. அந்த எண்ணைப் பயனர் எழுதக்கூடிய இடத்திலிருந்து கார்டு படித்துக்கொள்வதுதான் ஆபத்து. உங்கள் கட்டளை அமைப்பில் பேசிட்டுக்கென ஒரு புலம் இருந்தால், யாரும் வேறொரு எண்ணை இட்டு அடுத்த புராசஸின் நினைவகத்தைப் படித்துவிடலாம். ஆகவே, ஒவ்வொரு வரிசைக்கும் உரிய பேசிட் கர்னல் மட்டுமே எழுதக்கூடிய ரிஜிஸ்டரில் இருக்கட்டும். எஃப்பிஜிஏ என்பதால் இதை மாற்றும் வசதி உங்கள் கையிலேயே இருக்கிறது. இன்டெலின் என்க்யூசிஎம்டி கட்டளையும் இந்த ஒழுங்கையே பின்பற்றுகிறது: 64 பைட் கட்டளையைப் பயனர் நிரல் நேரடியாக அனுப்பினாலும், அதில் சேரும் பேசிட்டைக் கர்னல் நிரப்பிய எம்எஸ்ஆர் ரிஜிஸ்டரிலிருந்துதான் (பயனர் நிரல் எழுத முடியாத செயலி ரிஜிஸ்டர்) செயலி எடுத்துக்கொள்கிறது.

இனி, உங்கள் கேள்வியின் கடினமான பகுதிக்கு வருவோம். நிரலின் முகவரிகளையே கார்டும் பயன்படுத்தச் செய்யும் எஸ்விஏ பிணைப்பு உரியது முகவரி வெளிக்கு, அதாவது கர்னல் எம்எம் என்று அழைக்கும் கட்டமைப்புக்கு. ஆனால் உங்கள் டிரைவர் காண்பது ஃபைல் டிஸ்கிரிப்டரை, அதாவது திறந்த சாதனக் கோப்பைக் குறிக்கும் எண்ணை. இவ்விரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. ஃபைல் டிஸ்கிரிப்டர் ஃபோர்க் வழியாகப் பிள்ளைப் புராசஸுக்குப் போகும். யூனிக்ஸ் சாக்கெட் வழியாக முற்றிலும் வேறொரு நிரலுக்கும் போகும். முகவரி வெளியோ கோப்பைத் திறந்த புராசஸுடனேயே நின்றுவிடும். அது மட்டுமன்று, ஒரு புராசஸ் முடியும்போது லினக்ஸ் முதலில் முகவரி வெளியை விடுவித்துவிட்டு, அதன் பிறகுதான் திறந்திருக்கும் கோப்புகளை மூடுகிறது. கோப்பு கடைசியாக மூடப்படும்போது ஓடும் உங்கள் ரிலீஸ் செயற்கூறு அழைக்கப்படும் வேளையில், கார்டு யாருடைய நினைவகத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்ததோ அந்த நினைவகம் ஏற்கெனவே போயிருக்கும்.

கர்னலும் இதே இடத்தில் ஒருமுறை இடறியது. 2022இல் வெளிவந்த 5.18 பதிப்புக்கான வேலையில், பேசிட்டை முகவரி வெளியின் ஆயுளோடு கட்டி, அது கலையும்போதே எண்ணையும் விடுவிக்கும்படி எழுதினார்கள். பேசிட்டை எண்ணி எண்ணிப் பராமரிக்கும் பழைய சிக்கல் தீர்ந்தது. ஆனால் பெற்றோர் புராசஸ் சாதனத்தைத் திறந்து, ஃபோர்க் செய்து, தான் முடிந்துபோகும் நிரல்களில் புதிய பிழை முளைத்தது. முகவரி வெளி போன பின்னும் சாதனத்துக்குள் அந்த எண் பதிந்தே இருந்தது. எண்ணை விடுவிப்பதை எம்எம் கட்டமைப்பின் கடைசிக் குறிப்பு விடுபடும் கட்டம் வரை தள்ளிவைத்து அதைச் சரிசெய்தார்கள்.

இதிலிருந்து உங்கள் டிரைவருக்கான வழி தெளிவாகிறது. கோப்பைத் திறக்கும்போதே அழைப்பவரின் எம்எம்மைப் பிணைத்துவிடுங்கள். பிறகு மாற்ற வழி வைக்காதீர்கள். டிரைவர் எம்எம்மைத் தானே பிடித்துவைக்க வேண்டியிருந்தால் எம்எம் கட்டமைப்பை மட்டும் பிடித்துவைக்கும் எம்எம்கிராப் போதும்; முகவரி வெளியையே பிடித்துவைக்கும் எம்எம்கெட்டைப் பயன்படுத்தினால், நிரல் எம்மேப் மூலம் தன் முகவரி வெளியில் இணைத்த டோர்பெல் பக்கம் (கார்டுக்குக் கட்டளை அனுப்ப நிரல் எழுதும் இடம்) கோப்பைப் பிடித்திருக்க, கோப்பு முகவரி வெளியைப் பிடித்திருக்க, இரண்டும் ஒன்றையொன்று விடாமல் நினைவகம் நிரந்தரமாகக் கசியும். டோர்பெல் பக்கம் பிள்ளைக்குப் போகாதபடி அந்த மேப்பிங்கில் விஎம் டோன்ட்காப்பி கொடியை இடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை அனுப்பும் கட்டளை பெற்றோரின் நினைவகத்தில் எழுதும். ஒவ்வொரு ஐஓசிடிஎல்லிலும் எம்மேப்பிலும் அழைப்பவரின் எம்எம், பிணைத்த எம்எம்தானா என்று சரிபார்த்து, இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். ரிலீஸில் வரிசை முக்கியம்: முதலில் கார்டின் வரிசையை நிறுத்தி, அதிலிருந்து வெளியேறிய கோரிக்கைகள் எல்லாம் முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகே பிணைப்பை அவிழ்க்க வேண்டும். முகவரி வெளி கலைவதற்கும் ரிலீஸுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கார்டு எழுப்பும் பக்கக் கோரிக்கைகள் தோல்வியாகவே திரும்பும். அதைக் கண்டு எஃப்பிஜிஏ தொங்கிவிடாமல், அந்த வரிசையை மட்டும் பிழை நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வேகம் பற்றி ஒன்று. கார்டின் பக்கப் பிழை, செயலியின் பக்கப் பிழையைவிட மிகவும் நீண்ட சுற்று. எனவே வேலையை அனுப்பும் முன் பயனர் நூலகம் வெளியீட்டு பஃபரை ஒருமுறை தொட்டுவைப்பது பயன் தரும். ஆனால் தொட்ட பக்கம் அங்கேயே இருக்கும் என்று இடைமுகம் வாக்களிக்கக் கூடாது.

2023இல் வந்த 6.2 பதிப்பில் சேர்ந்த ஐஓஎம்எம்யூஎஃப்டி உங்களுக்கு வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். டிஎம்ஏ முகவரிகளைப் பயனர் நிரலே ஆளும் மெய்நிகர் எந்திரங்கள் போன்றவற்றுக்கு அது ஏற்றது. உங்கள் தேவைக்கு எஸ்விஏ பிணைப்பே போதும்.

டிரைவரை வெளியிடும் முன், கார்டு ஒரு பெரிய பஃபரில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நிரலை கில் -9 கொண்டு முடித்துப் பாருங்கள். அடுத்து, பெற்றோர் திறந்து ஃபோர்க் செய்து முடிந்துபோக, பிள்ளை டிஸ்கிரிப்டரை ஒரு மணி நேரம் கழித்து மூடும்படி ஓட்டுங்கள். இரண்டிலும் ஐஓஎம்எம்யூ பிழைச் செய்திகள் கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் குவிந்தால், வரிசையை நிறுத்தும் படியும் தோல்விப் பதிலை எஃப்பிஜிஏ கையாளும் விதமும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.