பழைய ஜிடிஐயும் அப்பாவின் கோபமும்

வணக்கம் அண்ணா,

பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கையில் 30,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்திருக்கிறது. பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காடி (கார்) ஒன்றை வாங்கிப் பத்து வருஷம் வைத்திருந்தால் நல்ல லாபத்துக்குப் போகும் என்கிறார்கள் நண்பர்கள். அப்பாவோ, "பழைய இரும்புல காசக் கொட்டப் போறியா? நாளைக்கே அரசாங்கம் பழைய காடியெல்லாம் ஓடக்கூடாதுன்னு சொல்லிட்டா?" என்று திட்டுகிறார். நீங்கள் முன்பு புரோட்டோன் புத்ரா வைத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். யார் சொல்வது சரி?

குமரேசன்

அன்புள்ள குமரேசன்,

லாபத்துக்காக என்றால் வாங்காதீர்கள். அந்த அளவில் அப்பா சொல்வது சரி. சாலை வரி ஒன்றும் பயமில்லை. ஜிடிஐயின் 1,834 சிசிக்கு இங்கே தீபகற்ப மலேசியாவில் வருஷத்துக்கு 297 வெள்ளிதான். ஆனால் காப்புறுதி, டயர், ரப்பர் புஷ், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வேலை என்று எழுதி வைத்துக் கூட்டிப் பாருங்கள். ஏறிய விலை அதிலேயே கரைந்திருக்கும். போதாததற்கு நீங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். உப்புக்காற்றுக்குக் கூரையில்லாமல் நிற்கும் பழைய காடி நல்ல தீனி.

அரசாங்கத்தைப் பற்றிய அப்பாவின் பயம் ஆதாரமில்லாதது அல்ல. 2009-இல், 15 வயதைத் தாண்டிய வாகனங்களுக்கு வருஷா வருஷம் கட்டாயப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். ஜனங்கள் போட்ட சத்தத்தில் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டார்கள். மறுபடி வராது என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

இனி, ஓட்டுகிற ஆசைக்காக வாங்குவது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 1996-இல் புரோட்டோன், இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸை வாங்கியது. 90-களின் கடைசியில் வந்த ஜிடிஐயில் இன்ஜின் மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் 4ஜி93, ஏறக்குறைய 140 குதிரைத்திறன். சஸ்பென்ஷனை லோட்டஸ்காரர்கள் சீர்செய்தார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று அதை வாய் பிளந்து பார்த்த பையன்களுக்கு இன்று சொந்த வருமானம் இருக்கிறது. மிஞ்சியிருக்கும் வண்டிகளில் பலவற்றை ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்தி, பம்பரை மாற்றிக் கந்தலாக்கிவிட்டார்கள். ஒட்டுப்போடாத வண்டியைத் தேடி ஆட்கள் அலைவது அதனால்தான்.

நண்பர்கள் உங்களிடம் இன்ஜினைப் பற்றியே பேசியிருப்பார்கள். இன்ஜின் கடைசிக் கவலை. அதே 4ஜி93 புரோட்டோனின் வீரா 1.8-லும் புத்ராவிலும் இருக்கிறது. பழைய காடிகளைப் பாதியாக வெட்டிப் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடைகளில் தேடினால் அகப்படும். அகப்படாதவை ஜிடிஐக்கென்றே செய்த பம்பர், சக்கரத்துக்கு மேலே புடைத்து நிற்கும் விளிம்பு, சீட், கதவின் உள்பக்கத் துணி. இவை முழுசாக இருந்து பெயிண்ட் வெளுத்துப் போன வண்டியையும், இவை இல்லாமல் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வண்டியையும் ஒரே விலைக்குக் காட்டினால், வெளுத்ததை எடுங்கள்.

அப்புறம் போலிகள். சாதாரண 1.3, 1.5 சத்ரியாவுக்கு ஜிடிஐ வேஷம் கட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். இன்ஜினை மாற்றி, வாகனப் பதிவுப் பத்திரமான கெரானிலும் பதிந்திருக்கலாம், அதனால் சிசியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சேசிஸ் எண்ணைக் கெரானோடு ஒப்பிட்டு, அந்த எண் ஜிடிஐயுடையதுதானா என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

என் புத்ரா கதையையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஈரத்தில் எந்தக் காடியும் அழகுதான். மூன்றாம் மாதம் உள்ளே ஊறிய சாக்கு நாற்றம். கார்ப்பெட்டைத் தூக்கினால் ஓட்டுநர் காலடியில் தரை தெரிந்தது. காடியின் தரை இல்லை, செந்தூல் ரோட்டின் தரை! முன்கண்ணாடிக்கு அடியில் துருவை வெட்டாமல் மேலே புட்டி பூசியிருந்தார்கள், தண்ணீர் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. காடிக்குக் கொடுத்ததில் பாதி வெல்டிங்குக்குப் போனது. பிறகு விற்றதில் எனக்கு வந்த லாபம், பழைய காடி பார்க்கப் போகும்போதெல்லாம் பையில் ஒரு காந்தம் எடுத்துப்போகும் பழக்கம். புட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. பின்சக்கர வளைவு, ஸ்பேர் டயர் குழி, கண்ணாடியின் கீழ்விளிம்பு மூன்றிலும் வைத்துப் பாருங்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். லேசாக டிக் டிக் சத்தம் வந்தால் அது வால்வைத் தள்ளும் லிஃப்டர், இந்த இன்ஜினில் சகஜம், ஓடி விடாதீர்கள். வாங்கிய வாரமே டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுங்கள், முன்பு எப்போது மாற்றினார்கள் என்று விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி.

30,000-ஐயும் காடியிலேயே போடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள்; யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலையக் கூடாது. அந்தக் கணக்கில் நல்ல ஜிடிஐ அகப்படவில்லையென்றால், 2009-இல் வந்த சத்ரியா நியோ சிபிஎஸ்ஸைப் பாருங்கள். 1,597 சிசி, வரி 90 வெள்ளி. வளைவில் ஓட்டும்போது லோட்டஸின் கைவண்ணம் அதிலும் தெரியும். அதை இன்னும் பலர் வெறும் பழைய காடியாகத்தான் பார்க்கிறார்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நான் அதைத்தான் முதலில் தேடுவேன்.

எதைப் பார்க்கப் போனாலும் காலை வெயிலில் போங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள். ஆசையே இல்லாத கண்ணுக்குத்தான் துரு சீக்கிரம் தெரியும், விலையையும் அவர்தான் குறைப்பார்.