கடற்கரையில் தொலைந்த நகையை மெட்டல் டிடெக்டர் வைத்துத் திரும்ப எடுக்க முடியுமா?

கடற்கரையில் மோதிரம் தொலைந்துவிட்டது, மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினால் கிடைக்குமா, இல்லை மறந்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்வதுதான் வழியா என்று கேட்டிருந்தீர்கள்.

மறந்துவிடாதீர்கள். கட்டாயம் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஜனங்கள் நினைப்பதைவிட நிறையவே கிடைக்கிறது.

நான் தங்க வேலை செய்கிறவன். கோயம்புத்தூரில் தொழில் கற்று, 2009இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, டர்பனில் ஒரு நகைப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். தொலைத்தவர்கள் முதலில் வருவது எங்களிடம்தான். "பழசு மாதிரியே ஒன்று செய்துகொடுங்கள்" என்பார்கள். செய்துகொடுத்துவிடலாம், எடை, வடிவம், மாற்று எல்லாம் அச்சாக இருக்கும். கையில் வாங்கும்போது அவர்கள் முகம் மட்டும் தெளியாது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு டிடெக்டர் வாங்கினேன். இப்போது யார் வந்தாலும், முதலில் ஒரு தடவை தேடிவிடலாம் என்றுதான் சொல்கிறேன்.

போன வருடம் ஆடி அமாவாசை முடிந்த இரண்டாம் நாள், டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா பேத்தியோடு வந்தார். எழுபதைத் தாண்டியவர். இங்கே அந்த வயதில் தமிழைத் தடங்கலில்லாமல் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பேத்திக்கு ஆங்கிலம்தான். "தம்பி, ஒரு தாலிப் பொட்டும் ரெண்டு குண்டும் செய்யணும். அவருக்குத் தெரிய வேணாம்" என்றார். கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள். அமாவாசையன்று காலை அவருடைய கணவர் டர்பன் கடற்கரையான நார்த் பீச்சில் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்திருக்கிறார். இவரும் கூட இறங்கி மூன்று முழுக்குப் போட்டிருக்கிறார். கரையேறி முந்தானையைப் பிழியும்போதுதான் சங்கிலி அறுந்து ரவிக்கைக்குள் கிடப்பது தெரிந்தது. பொட்டும் குண்டும் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

சங்கிலியை வாங்கிப் பார்த்தேன். எஸ் கொக்கியின் ஒரு பக்கம் தேய்ந்து கம்பி பாதியாகி, வாய் திறந்திருந்தது. "அம்மா, புதுசு செய்ய எப்படியும் ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள நான் ஒரு தடவை கடல்ல தேடிப் பார்த்துடறேன்" என்றேன். கடலில் போனதை எங்கே தேடுவது என்று அவர் நம்பவில்லை.

இந்த வேலையில் எனக்கு உதவுவது பெரும்பாலும் கருவி அல்ல, தொலைத்தவர் சொல்லும் சங்கதிதான். எங்கே விழுந்தது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களே எடுத்திருப்பார்கள். அதனால் வேறு மாதிரி கேட்பேன். எத்தனை மணி? தண்ணீர் முழங்காலா, இடுப்பா? எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள்? பையை எங்கே வைத்தீர்கள்? யாராவது படம் எடுத்தார்களா? "கொடிகளுக்கு நடுவில்தான் குளித்தோம்" என்பது பலரும் சொல்லும் பதில். அதை நம்பி இறங்க முடியாது. உயிர்காப்பாளர்கள் அலையின் போக்கைப் பார்த்து குளிக்க இடம் காட்டும் அந்தச் சிவப்பு மஞ்சள் கொடிகளைப் பகலிலேயே இடம் மாற்றி நடுவார்கள்.

அந்த அம்மாவின் பேத்தியிடம் ஒரு படம் இருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, கரையைப் பார்த்து எடுத்தது. தாத்தா வெற்றிலையில் சூடம் ஏற்றுகிறார், பக்கத்தில் பாட்டி கைகூப்பி நிற்கிறார். நேரம் 7:05. பின்னால் உயிர்காப்பாளர் கோபுரம். அதன் கூரை ஓரமும் சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மாடிக் கட்டடத்தின் விளிம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. எனக்கு வேண்டியது அதுதான். போனில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கூரையும் கட்டடமும் அதே மாதிரி சேரும்வரை பக்கவாட்டில் நகர்ந்தால், அவர்கள் நின்ற கோட்டில் நாமும் நிற்போம்.

அடுத்தது கடலின் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி டர்பனில் நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் கிட்டத்தட்ட 2 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் இங்கே காலை பத்து, பதினொரு மணி வாக்கில் கடல் நன்றாக உள்வாங்கிவிடும். ஏழு மணிக்கு அந்த அம்மா இடுப்பளவு தண்ணீரில் முழுகிய இடம், வற்றத்தில் கணுக்கால் அளவுதான். அதாவது கடலுக்குள் தேட வேண்டியதில்லை, கடலே விலகி இடம் கொடுக்கும். அமாவாசை முடிந்து ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் நீர் அவ்வளவு இறங்கியிருக்காது. அதனால்தான் தொலைந்த மூன்று நாளுக்குள் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

தங்கத்தை அலை வெகுதூரம் இழுத்துப் போயிருக்கும் என்று பயப்படுகிறார்கள். 22 கேரட் தங்கம் தண்ணீரைப் போல 17 மடங்குக்கு மேல் கனம், மணலோ 2.65 மடங்குதான். கனமான மோதிரம் விழுந்த இடத்திலேயே ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பக்கவாட்டில் நகர்வது குறைவு, ஆழத்துக்குப் போவதுதான் அதிகம். எங்கள் கடற்கரையில் அங்கங்கே கறுப்பு மணல் வரி வரியாகப் படிந்திருக்கும். இல்மனைட், ரூட்டைல் கலந்த கன மணல் அது; வடக்கே ரிச்சர்ட்ஸ் பேயில் அதைத்தான் தோண்டியெடுக்கிறார்கள். அலை கனமானதையெல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பதால், அந்த வரியைக் கண்டால் அங்கே மெதுவாகப் போவேன்.

ஆனால் தாலிக் குண்டு அப்படி அல்ல. மெல்லிய தங்கத் தகட்டை உருட்டி உள்ளே அரக்கு அடைத்தது. பார்க்கப் பெரியது, எடையில் லேசு. அலை அதை உருட்டிக்கொண்டு போகும், தகடு மெல்லியது என்பதால் டிடெக்டருக்கும் சரியாகக் கேட்காது. பொட்டு கிடைக்கலாம், குண்டு கஷ்டம் என்று அந்த அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவிட்டேன்.

கருவியைப் பற்றியும் சொல்கிறேன். டிடெக்டரின் தட்டில் இருக்கும் கம்பிச் சுருள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அது பட்டதும் உலோகத்துக்குள் சின்ன மின்சுழல் உண்டாகிறது, அதன் எதிரொலியைத்தான் கருவி கேட்கிறது. ஈரமான உப்பு மணலும் மின்சாரம் கடத்தும். அதனால் சாதாரண ஒற்றை அலைவரிசைக் கருவிகள் நீர்விளிம்பில் காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். கடலுக்குப் பல அலைவரிசைக் கருவியோ, புலத்தை விட்டு விட்டு அனுப்பும் பல்ஸ் வகையோ தேவை. நான் வைத்திருப்பது மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. அது ஒவ்வொரு உலோகத்துக்கும் -9 முதல் 40 வரை ஒரு எண் காட்டும். தங்கத்துக்கென்று தனி எண் கிடையாது என்பதுதான் இதில் பெரிய சங்கடம். நம் ஊரில் 916 என்றால், இங்கே கல்யாண மோதிரங்கள் பெரும்பாலும் 9 கேரட். கலப்பு கூடக் கூட மின்கடத்தல் குறையும், எண்ணும் இறங்கும். மெல்லிய 9 கேரட் மோதிரம் சாக்லேட் தாள் போலவே ஒலிக்கும். கொஞ்சம் கனமானது குளிர்பானக் கேனின் இழுப்பு வளையம் போல ஒலிக்கும். குப்பை என்று ஒதுக்கினால் மோதிரத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடுவோம். எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

சங்கிலி இன்னும் மோசம். மோதிரம் முழு வளையம், மின்சுழல் ஒரு சுற்றுச் சுற்றி வரும். சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி தொடர்பு விட்டுப் போவதால் கருவிக்கு அது ஒவ்வொரு கண்ணியாகத்தான் தெரியும். வெட்டுப்பட்ட மோதிரமும் இப்படித்தான், பாதி பலம் போய்விடும். சங்கிலி தொலைத்தவர்களிடம் டாலர் இருந்ததா, கொக்கி எவ்வளவு கனம் என்று கேட்பது அதனால்தான்.

எனக்கு ஒரு வசதி உண்டு. பட்டறையில் அதே அளவில் ஒரு 22 கேரட் பொட்டு இருந்தது. அதை நைலான் நூலில் கட்டி, ஈர மணலில் முக்கால் சாண் ஆழத்தில் புதைத்து, எப்படி ஒலிக்கிறது என்று பத்து தடவை கேட்டுக்கொண்டேன். பதினொன்று, பன்னிரண்டு, மிருதுவான ஒலி. நீங்களும் இதைச் செய்யலாம்: ஜோடி மோதிரம் இருந்தால் அதில் நூலைக் கட்டி முதலில் கேளுங்கள். நூலை மட்டும் கையை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் கயிறு கட்டி, ஏர் ஓட்டுவது போல சால் விட்டுச் சால். ஒரு சாலின் பாதி அடுத்ததில் மடிய வேண்டும். நீளவாட்டில் முடித்ததும் குறுக்குவாட்டில் ஒரு தடவை. தட்டை மணலை ஒட்டியே மெதுவாக வீச வேண்டும். ஊஞ்சல் போல ஓரங்களில் தூக்கினால் அங்கே ஆழமே கிடைக்காது.

முதல் நாள் கிடைத்தது தூண்டில் ஈயம் நான்கு, கேன் வளையங்கள், கடலுக்குக் காணிக்கையாகப் போட்ட சில்லறை, ஒரு பொம்மைக் கார். மறுநாள் பதினொன்றரைக்கு, அந்தக் கோட்டிலிருந்து இரண்டு எட்டு வடக்கே, பதினொன்று என்று காட்டியது. குறுக்கே திரும்பி வீசினேன், மறுபடி பதினொன்று. ஸ்கூப்பை, அதாவது துளை போட்ட மண்வாரியை, இறக்கி எடுத்த முதல் குழியில் ஒன்றுமில்லை, ஒலி மட்டும் குழிக்குள்ளேயே இருந்தது. தண்ணீர் ஊறி ஓரம் சரிய ஆரம்பித்தது. இரண்டாவது தடவை அள்ளி ஸ்கூப்பை ஆட்டினேன். மணல் துளைகள் வழியே ஒழுக ஒழுக, கறுப்பு மணல் ஒட்டிய ஒரு மஞ்சள் விளிம்பு தெரிந்தது. பொட்டின் வளையத்தின் உள்பக்கம் வருடக்கணக்கில் உரசித் தேய்ந்து வழவழத்திருந்தது. அங்கேயே அந்த ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ பவுன் உருக்கிய கை, அன்றைக்கு அந்தச் சின்னப் பொட்டை வைத்துக்கொண்டு நடுங்கியது.

எல்லாம் இப்படி முடிவதில்லை. ஒரு இளைஞனின் 9 கேரட் மோதிரத்தை ஐந்து வற்றம் தேடினேன், கிடைக்கவில்லை. அவன் மூன்று வாரம் கழித்து வந்திருந்தான். டர்பன் துறைமுக வாய் தெற்கிலிருந்து தானாக வரும் மணலைத் தடுத்துவிடுவதால், மணலை வாரி நகரக் கடற்கரைகளுக்குக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். புது மணல் ஒரு முழம் ஏறிவிட்டால் என் கருவி எட்டாது. மோதிரம் அளவுள்ள பொருளுக்கு ஒரு சாண், நல்ல நாளில் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் அதன் ஆழம்.

2022 ஏப்ரலில் இங்கே வந்த வெள்ளத்துக்குப் பிறகு வேறு மாதிரித் தேடல். வீட்டின் பின்கட்டு சரிந்துபோன ஒரு குடும்பம், கொள்ளுப்பாட்டி வைத்திருந்த வெண்கலக் காமாட்சி விளக்கைத் தேடித் தரச் சொன்னார்கள். கூரைத் தகடும் ஆணியுமாகக் கிடந்த சேற்றில் கருவி ஓயாமல் உறுமியது. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட கிரஹாம் பெல் கொண்டுவந்த கருவியைக் கட்டில் மெத்தையின் கம்பிச் சுருள்கள் குழப்பின என்பார்கள்; அங்கே அந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. தகடுகளை எல்லோருமாகக் கையால் அப்புறப்படுத்திய பிறகே விளக்கு கிடைத்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நிமிர்த்தித் தரட்டுமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் மரபுவளச் சட்டப்படி, தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் டிடெக்டரைக் கொண்டுபோகவே கூடாது. அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கப்பல் சிதைவுகளுக்கும் பாதுகாப்பு உண்டு. உங்கள் ஊர் விதியை விசாரியுங்கள். தோண்டிய குழியை மூடுங்கள். குழந்தைகள் ஓடும் இடம் அது.

உங்கள் மோதிரத்துக்கு இப்போதே செய்ய வேண்டியது: அன்றைக்கு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கூட வந்தவர்களிடமிருந்து வாங்குங்கள், தண்ணீர் அளவையும் நேரத்தையும் எழுதிவையுங்கள், வற்ற அட்டவணையைப் பாருங்கள். அந்த இடத்தைக் கையால் தோண்டிவிடாதீர்கள். தோண்டத் தோண்ட மோதிரம் இடம் மாறி ஆழத்துக்குப் போகும்.

அந்த அம்மாவுக்குப் பொட்டைக் கொடுத்தபோது, பழக்க தோஷத்தில் தராசில் வைக்கப் போனேன். "எடை போடாத தம்பி, குடு" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். குண்டு இரண்டும் புதிதாகச் செய்து, கொக்கியை மாற்றி வாயைப் பற்றவைத்துக் கொடுத்தேன். பழைய குண்டுகள் இன்னும் கடலில்தான் இருக்கின்றன. நார்த் பீச் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டில் நின்று வடக்கே இரண்டு சால் ஓட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கிறேன்.