அடுக்கு பீன்ஸ் டிப்: எந்த டின், எந்த சிப்ஸ்?

கேள்வி: 12 பேர் வரும் விருந்துக்கு அடுக்கு பீன்ஸ் டிப் (பீன்ஸ், அவகாடோ, கிரீம், சீஸ் என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிப்ஸால் தொட்டுச் சாப்பிடுவது) செய்து, சோள சிப்ஸோடு வைக்கப் போகிறேன். சென்ற முறை ஒரு மணி நேரத்தில் ஓரமெல்லாம் தண்ணீர் விட்டது. சிப்ஸ் உள்ளேயே முறிந்தது. வாங்கிய பொருள் சரியில்லையா?

பதில்: பாதி வாங்கியதில், பாதி செய்ததில். தக்காளி, சல்சா (காரத் தக்காளிச் சட்னி), சவர் கிரீம் (புளித்த கிரீம்) மூன்றும்தான் தண்ணீர் விடுபவை. தக்காளியில் விதையையும் சாற்றையும் வழித்தெடுத்து, பொடியாக நறுக்கி, கால் டீஸ்பூன் உப்பு தூவி 20 நிமிடம் வடிகட்டியில் வையுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும். அந்த வேலை வடிகட்டியிலேயே முடியட்டும். பாட்டில் சல்சா சேர்ப்பதானால் அதையும் அதேபோல் வடியவிடுங்கள். சவர் கிரீமில் ‘லைட்’ வகை வேண்டாம். கொழுப்பு குறைந்தால் நீர் கூடும். 18 சதவீதமாவது இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் 800 கிராம் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வடியவிட்டால் போதும்.

சிப்ஸ் முறிவதற்குப் பெரும்பாலும் பீன்ஸ்தான் காரணம். மசித்த பீன்ஸ் ஆறினால் அதிலுள்ள மாவுச்சத்து இறுகிவிடும். சூடாக இருக்கும்போது சரியான பதமாகத் தெரிந்தால், ஆறியபின் அது கட்டி என்று அர்த்தம். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழுக்கி விழும் அளவுக்கு வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள்.

12 பேருக்கு 23 × 33 செ.மீ. கண்ணாடித் தட்டு சரியாக இருக்கும். வெளியிலிருந்து அடுக்குகள் தெரியும். வேகவைத்த பீன்ஸ் 500 கிராம், அவகாடோ 3, சவர் கிரீம் 400 கிராம், துருவிய சீஸ் 150 கிராம், தக்காளி 4, வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி. பீன்ஸை 2 மேஜைக்கரண்டி எண்ணெயில் வதக்கி, 2 டீஸ்பூன் சீரகத்தூள், 1 டீஸ்பூன் மிளகாய்த்தூள், 2 பல் பூண்டு சேர்த்து மசியுங்கள். நன்றாக ஆறியபின் தட்டில் பரப்புங்கள். சூட்டோடு பரப்பினால் மேலே வரும் கிரீம் உருகி ஓடும். அதன்மேல் எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து மசித்த அவகாடோ. அதை ஓரம்வரை மூடி சவர் கிரீம். காற்றுப் படாததால் அவகாடோ கறுக்காது. பிறகு சீஸ். தக்காளியும் வெங்காயத்தாளும் பரிமாறும் நேரத்தில்.

கேள்வி: டின் பீன்ஸ் வாங்கலாமா, உலர்ந்ததை வேகவைக்கலாமா?

பதில்: சுவையில் வித்தியாசம் சிறியதே. டின்னில் மொத்த எடையைப் பார்க்காமல், நீர் வடித்த எடையைப் பாருங்கள். 400 கிராம் டின்னில் பீன்ஸ் ஏறத்தாழ 240 கிராம்தான். மசித்து வதக்கியே விற்கும் வகையில் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். சைவ விருந்தினர் இருந்தால் பொருட்பட்டியலை வாசிக்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

உலர்ந்தது 200 கிராம் வெந்தால் ஏறக்குறைய 500 கிராம் ஆகும். சிவப்பு ராஜ்மாவானால் கவனம்: அரைகுறையாக வெந்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு கடும் வாந்தியைக் கொடுக்கும். இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டபின் மெத்தென்று வேகவையுங்கள். மெல்லிய சூட்டில் வேகவைக்கும் ஸ்லோ குக்கர் மட்டும் இதற்குப் போதாது.

கேள்வி: எந்த சிப்ஸ், எவ்வளவு?

பதில்: தடித்த டார்ட்டில்லா (சோள ரொட்டி) சிப்ஸ், அல்லது கிண்ணம்போல் குழிந்த வகை. மெல்லியது வாய்க்கு நன்றாக இருக்கும், இந்த டிப்பைத் தூக்காது. மசாலா தடவியதைத் தவிருங்கள்; டிப்பிலேயே உப்பும் காரமும் இருக்கிறது. சோளம், எண்ணெய், உப்பு என்று மூன்றே பொருள் இருந்தால் நல்ல தேர்வு. வேறு பலகாரமும் இருந்தால் ஆளுக்கு 40 கிராம், 12 பேருக்கு சுமார் 500 கிராம். இரண்டு சிறு பாக்கெட்டாக வாங்கி ஒன்று முடிந்தபின் மற்றதைத் திறந்தால் நமத்துப்போகாது.

கேள்வி: முந்தின நாளே செய்யலாமா?

பதில்: சீஸ் வரை அடுக்கி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மேஜையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். பாதியை ஒரு சிறு தட்டில் தனியாக அடுக்கி, ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்து மாற்றி வையுங்கள்.