வாசகர் கேள்வி - பதில்: கடைசி இடத்திலிருந்து மூன்று கோப்பைகள்

குடியாத்தம், கல்லூரி மாணவர்: 2022-இல் இங்கிலாந்து ரக்பி பிரீமியர்ஷிப் பட்டியலில் கடைசியாக வந்த பாத் அணி, 2025-இல் சாம்பியன் ஆனது எப்படி? பெரிய வீரர்களை வாங்கியதுதான் காரணமா?

அது ஒரு பங்குதான். ஸ்காட்லாந்து வீரர் ஃபின் ரஸல் 2023-இல் வந்து சேர்ந்தது பெரும்பலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 13 அணிகளில் 13-ஆம் இடத்தில் கிடந்த அணியை, தென்னாப்பிரிக்கரான யோஹான் வான் கிரான் 2022-இல் பயிற்சியாளராக ஏற்றுக்கொண்டு, முதலில் முன்வரிசையைத்தான் கட்டினார் என்பது என் கணிப்பு. இரு அணிகளின் முன்கள வீரர்களும் பிணைந்து நின்று ஒருவரையொருவர் தள்ளும் ஸ்க்ரம்மில், முன்வரிசையின் வலப்பக்கம் நிற்கும் பிராப் வீரரின் இரு தோள்களிலும் எதிரணியினர் இருவரின் பாரம் இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் அவர் சோர்ந்துபோகும்போது, அதே தரமுள்ள ஒருவர் மாற்று வீரராகக் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஆடும் வில் ஸ்டூவர்ட், தாமஸ் டு டாய்ட் ஆகிய இருவரையும் ஒரே அணியில் வைத்திருந்த பாத்துக்கு அந்தக் கவலை இல்லை.

2024 இறுதிப் போட்டியில், முதல் பாதியிலேயே ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, மீதி 14 பேருடன் போராடி நார்தாம்ப்டனிடம் 21-25 என்று தோற்றார்கள். மறு ஆண்டு, லீக்கிலிருந்து தனியாக நடக்கும் பிரீமியர்ஷிப் கோப்பை, கார்டிஃபில் பிரான்ஸின் லியோனை 37-12 என்று வென்ற ஐரோப்பிய சேலஞ்ச் கோப்பை, லெஸ்டரை 23-21 என்று வென்ற லீக் பட்டம் ஆகிய மூன்றும் கைக்கு வந்தன. 1996-க்குப் பிறகு அவர்கள் பெற்ற முதல் லீக் பட்டம் அது.

காட்பாடி, கபடி வீரர்: தோற்ற அணிக்கும் புள்ளி தருவது நியாயமா?

நியாயமே. 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றவருக்கு ஒரு புள்ளி என்பதை நம் புரோ கபடி லீக்கிலும் பல ஆண்டுகள் பார்த்தோமே! ரக்பியில் பட்டியல் புள்ளிகள் வெற்றிக்கு 4, சமனுக்கு 2, நான்கு ட்ரை (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அடித்தால் கூடுதலாக 1. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் 10 புள்ளி பின்தங்கிய அணியின் தலைவர், வெல்ல வழியில்லை என்று தெரிந்தும் 3 புள்ளிக்கான பெனால்டி உதையைத் தேர்ந்தெடுப்பார். வித்தியாசம் 7 ஆகிவிட்டால் பட்டியலில் ஒரு புள்ளி மிஞ்சும். முதல் நான்கு அணிகளே அரையிறுதிக்குப் போவதால், இப்படிச் சேரும் புள்ளிகள் சீசன் முடிவில் இடத்தையே மாற்றிவிடும்.

ஆற்காடு, வாசகி: 13 அணிகள் இருந்த லீக்கில் இப்போது 10 மட்டும் ஏன்?

வொர்செஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் ஆகிய மூன்று கிளப்புகளும் கடன் தாளாமல் 2022, 2023 ஆண்டுகளில் லீக்கை விட்டு வெளியேறின. வரவுக்கு மிஞ்சிய சம்பளம் கொடுத்ததே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் இப்போது லீக் சுற்றில் ஓர் அணிக்கு 18 ஆட்டங்களே அமைகின்றன.